உம்மம்மாவுக்கு மட்டும் ஏன் வேறு சட்டி?

எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணின் சமையலுக்குத் தீர்ப்பு வழங்க இரண்டு சொற்கள் போதும்: "உப்புக் காணாது." மீன் எவ்வளவு தேடி வாங்கப்பட்டது, தேங்காய் எத்தனை தரம் பிழியப்பட்டது, அடுப்படியில் எத்தனை மணிநேரம் போனது என்பதெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போகும். சமைக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதலில் வரும் பயமும் அதுதான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி வேறு இருக்கிறது. ஆகவே கை தானாகவே கொஞ்சம் கூடப் போடப் பழகுகிறது. அந்தக் "கொஞ்சம் கூட" எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர், வீட்டிலேயே அதிக உப்புக்குப் பழகிய நாக்கை உடையவர். மற்றவர்கள் எல்லோரும் அந்த நாக்குக்கேற்பச் சாப்பிடுகிறார்கள்.

நான் வைத்தியர் அல்லள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி. சிறுநீரகம் பற்றிப் பாடத்தில் படித்ததும், எங்கள் வீட்டு அடுப்படியில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததால் இதை எழுதத் தோன்றியது.

எங்கள் உம்மம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. மாதா மாதம் கிளினிக் போய் மருந்து எடுக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் உம்மா ஒரு சின்னச் சட்டியில் அவருக்கென்று தனியாக ஆணம் வைப்பார். பெரிய சட்டி எங்களுக்கு, சின்னச் சட்டி உம்மம்மாவுக்கு. இந்த ஏற்பாடு எத்தனையோ வீடுகளில் இருப்பதை என் தோழியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொடங்கி முதல் வாரம் ஒழுங்காக நடக்கும். இரண்டாம் வாரம் உம்மம்மா பெரிய சட்டியில் இருந்து "வாசத்துக்கு" ஓர் அகப்பை ஊற்றிக்கொள்வார். மூன்றாம் வாரம் சின்னச் சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். "கிளினிக்ல என்ன சொன்னாங்க உம்மா?" என்று உம்மா கேட்டால், "உப்பில்லாமத் தின்டு இன்னும் நூறு வருசம் இருந்து என்ன செய்யப் போறன் மகள்?" என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்போம், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அவர் பிடிவாதக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்து சாப்பிடும்போது தன் கோப்பையில் மட்டும் வேறு சாப்பாடு என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? நோயாளி என்று ஒரு நாளைக்கு மூன்று வேளையும் அவருக்கு ஞாபகமூட்டுகிறோம். பிறகு அவர் கட்டுப்பாடு இல்லாதவர் என்று குறை சொல்கிறோம். என் கருத்து இதுதான்: உப்பைக் குறைப்பதென்றால் பெரிய சட்டியில் குறைக்க வேண்டும். உம்மம்மாவுக்காக மட்டுமல்ல, அதிலிருந்து சாப்பிடும் எங்கள் எல்லோருக்காகவும்.

"பிரஷர் இல்லாத நமக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாம். எங்கள் வாப்பாவும் அதைத்தான் கேட்டார். அதனால் உப்பு உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு சோடியம். நரம்புகள் செய்தி கடத்தவும் தசைகள் சுருங்கவும் அது வேண்டும். ஆனால் தேவைப்படும் அளவு மிகச் சிறியது. கூடுதலாக வரும் சோடியம் குருதியில் சேர்ந்ததும் தாகம் எடுக்கிறது. குடித்த நீரை உடல் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயின் அளவு மாறாமல் உள்ளே ஓடும் நீர் கூடினால் அமுக்கம் கூடும் அல்லவா? சிறுநீரகம் மேலதிகச் சோடியத்தை வெளியேற்றிவிடும், உண்மைதான். ஆனால் தினமும் மூன்று வேளையும், வருடக் கணக்கில் அந்தச் சுமை வந்துகொண்டே இருந்தால், உயர்ந்த அமுக்கத்தில்தான் அதனால் வேலை செய்ய முடியும் என்ற நிலை பலருக்கு வந்துவிடுகிறது. அந்த அமுக்கத்தைத் தாங்க நாடிகளின் சுவர் தடித்து விறைக்கிறது. அதற்கு எதிராகக் குருதியைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது இதயவறைச் சுவரும் தடிக்கிறது. பாரந் தூக்குபவரின் புயம் தடிப்பது அவருக்குப் பலம். இதயம் அப்படித் தடிப்பது பலவீனத்தின் தொடக்கம். மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரகம் பழுதாதல் எல்லாம் இந்த வழியாகத்தான் பெரும்பாலும் வருகின்றன. இவ்வளவும் நடக்கும்போது தலையிடிகூட இல்லாமல் இருக்கலாம். 140/90 என்று கருவி காட்டும் வரை அந்த மனிதர் தன்னைச் சுகதேகி என்றே நம்பியிருப்பார்.

1988ஆம் ஆண்டு வெளியான இன்டர்சோல்ட் என்ற ஆய்வில் 32 நாடுகளின் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களுள் பிரேசில் நாட்டுக் காடுகளில் வாழும் யனோமாமி மக்களும் அடங்குவர். அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதே இல்லை எனலாம். அவர்களிடம் உயர் குருதியமுக்கம் காணப்படவில்லை. வயது ஏற ஏற அமுக்கமும் ஏறுவது என்ற, நாங்கள் இயற்கை என்று எண்ணியிருக்கும் விடயமும் அவர்களிடம் இல்லை. அவர்கள் உடல் உழைப்பு மிக்கவர்கள், மெலிந்தவர்கள், உப்பு மட்டுமே காரணம் அல்ல என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு 2001இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் சோடியம் என்ற ஆய்வு பதில் தருகிறது. 412 பேருக்கு உணவைச் சமைத்தே கொடுத்து, உப்பை மட்டும் மூன்று அளவுகளில் மாற்றி மாற்றி, ஒவ்வோர் அளவையும் 30 நாட்கள் சாப்பிட வைத்தார்கள். உப்புக் குறையக் குறைய அமுக்கமும் குறைந்தது. பிரஷர் உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, இல்லாதவர்களுக்கும் குறைந்தது. வாப்பாவின் கேள்விக்கு விடை அந்தக் கடைசிச் சொற்களில் இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டியில் மட்டமாக வழித்து எடுத்தால் ஏறத்தாழ அவ்வளவு. காலை முதல் இரவு வரை வாய்க்குள் போகும் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் சேர்ந்து ஒரு தேக்கரண்டி! உலகச் சராசரி இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு.

நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உப்புப் பக்கற்றை எண்ணினால் போதும். எங்கள் வீட்டில் ஆறு பேர். தலைக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 30 கிராம், மாதத்துக்கு 900 கிராம். அதாவது 400 கிராம் பக்கற் இரண்டேகால். எங்கள் வீட்டில் முடிவது மாதம் நான்கு. மீன் கழுவவும் மாங்காய் ஊறவைக்கவும் போவதாக ஒரு முழுப் பக்கற்றைக் கழித்தாலும் மூன்று மிச்சம். தலைக்கு நாளுக்கு 6 கிராமைத் தாண்டிவிட்டது. இன்னும் நாங்கள் பேக்கரிப் பக்கமே போகவில்லை. இதை வாசிக்கும் தாய்மார் தங்கள் வீட்டுக் கணக்கை ஒரு மாதம் குறித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பேக்கரிக்குப் போவோம். பாண் உப்புக் கரிக்காது. ஆனால் பாணுக்கு மாக் குழைக்கும்போது மாவின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு உப்புச் சேர்ப்பது பொதுவான வழக்கம். 450 கிராம் நிறையுள்ள ஓர் இறாத்தல் பாணுக்குச் சுமார் 300 கிராம் மா என்று வைத்தால், உப்பு 6 கிராம் வருகிறது. கால் இறாத்தல் பாணில் ஒன்றரைக் கிராம். அதைத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலில் மாசியும் உப்பும். பக்கத்தில் பருப்பு. காலைச் சாப்பாடு முடிவதற்குள் தேக்கரண்டியில் பாதி காலியாகிவிடும்.

அடுத்தது எங்கள் வயதினரின் உயிர்த்தோழனான உடனடி நூடில்ஸ். பக்கற்றின் பின்புறத்தில் "உப்பு" என்று போடாமல் "சோடியம்" என்று போட்டிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 900 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் அது இரண்டேகால் கிராம் உப்பு. இதில் உப்பின் பெரும்பங்கு அந்தச் சின்னத் தூள் பக்கற்றில் இருக்கிறது. அதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம், இன்றைக்கே செய்யலாம். சூப் கியூப் பெட்டியில் சேர்மானங்களின் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் முதலில் நிற்பது உப்புதான். நிறையில் கூடியதை முதலில் எழுதுவது வழக்கம் என்பதை அறிந்தால் விளங்கும். கியூபும் போட்டு, அதற்கு மேல் உப்பும் போட்டுப் பிரியாணி ஆக்குகிறோம். கருவாடு, டின் மீன், அச்சாறு, மிக்சர், சோயா சோஸ் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பாடசாலை வாசலில் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தூவிய மாங்காயைப் பற்றி எழுதினால் தோழியர் என்னோடு பேசமாட்டார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் நாட்டில் பொதி செய்த திண்ம உணவுகளின் மேல் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு போட வேண்டும் என்ற விதி 2019இல் வந்தது. கடையில் நிற்கும்போது அந்த வட்டங்களை யார் பார்க்கிறார்கள்? விலையைப் பார்ப்போம், ஹலாலா என்று பார்ப்போம், திகதி பார்ப்போம். நான்காவதாக இதையும் பார்க்க இன்னும் இரண்டு வினாடி போதும்.

புத்தளத்துப் பிள்ளை உப்புக்கு எதிராக எழுதுகிறாளே என்று யாராவது கோபிக்கக்கூடும். பாலாவிப் பக்கம் போகும்போது வெயிலில் மின்னும் உப்புப் பாத்திகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பாத்திகளின் பெருமை எனக்கும் உண்டு. 1766இல் கண்டி மன்னனும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையில், கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகும், கண்டி மக்கள் புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களில் உப்பு எடுத்துக்கொள்ள இடம் விடப்பட்டது. ஓர் அரசு தன் கரையையே இழந்தபோதும் கேட்டுப் பெற்ற பொருள் அது. மீனையும் இறைச்சியையும் கெடாமல் வைக்க வேறு வழியில்லாத காலம். இன்று குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. நாக்கு மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. 2025இல் மழையால் விளைச்சல் கெட்டுக் கடைகளில் உப்பு இல்லாமல் போய், இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்ததை எல்லோரும் அறிவோம். உப்பு விளையும் ஊரிலேயே உப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். உப்பு இல்லாமல் போனதைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள், கூடிப்போவதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

குறைப்பது முடியுமா? நாக்கு பழகக்கூடியது என்பதுதான் நம்பிக்கை தரும் செய்தி. உப்பைக் குறைத்துச் சில வாரங்கள் சென்றால் அதே குறைந்த அளவு போதுமானதாகத் தோன்றும். பழைய அளவில் சாப்பிட்டால் கரிக்கும். பிரித்தானியாவில் இதை நாடளவில் செய்து பார்த்தார்கள். பாண் உட்பட்ட உணவுகளைச் செய்யும் நிறுவனங்களோடு பேசி, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக உப்பைக் குறைக்க வைத்தார்கள். 2001இல் ஒருவர் நாளுக்கு 9.5 கிராம் சாப்பிட்டது 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலருக்குப் பாண் மாறியதே தெரியாது. உம்மாமாருக்கு நான் சொல்ல விரும்புவதும் அந்த உபாயத்தைத்தான்: யாரிடமும் சொல்லாதீர்கள்! ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் சாப்பாட்டுப் பாயில் கலவரம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஒரு சிட்டிகை குறையுங்கள்.

உப்புக் குறையும் இடத்தில் புளிப்பும் காரமும் வாசமும் கைகொடுக்கும். இறக்கும் நேரத்தில் பிழியும் தேசிக்காய், மீனுக்குக் கொறுக்காய்ப்புளி, கறிவேப்பிலை, ரம்பை, உள்ளி, இஞ்சி, பச்சையாக இடித்த மிளகு என்று எங்கள் அடுப்படியில் இல்லாதது எது? கருவாட்டைச் சமைக்குமுன் நீரில் ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிடலாம். சோற்றுக்கு உப்பே தேவையில்லை, ஆணத்தில் இருப்பது போதும். உப்புச் சிரட்டையையும் சோஸ் போத்தலையும் சாப்பிடும் இடத்திலிருந்து எடுத்துவிட்டால், ருசி பார்க்குமுன் தூவும் பழக்கம் தானாகக் குறையும்.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்துப்பு, இமயமலை உப்பு என்று அதிக விலைக்கு விற்பவை இதயத்துக்கு நல்லவை என்று நம்பி வாங்குகிறார்கள். நிறம் எதுவானாலும் அதுவும் சோடியம் குளோரைட்டுதான். அத்தோடு, எங்கள் நாட்டில் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இலிருந்து சட்டம். தைரொயிட் சுரப்பிக்கு அது அவசியம். பெயர் தெரியாத உப்புகளில் அது இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே அயடீன் கலந்த உப்பையே வாங்கி, குறைவாகப் போடுவது நல்லது. மற்றது, சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் ஐந்தாண்டுகள் போல நடந்து 2021இல் வெளியான ஆய்வில் அதைப் பாவித்தவர்களிடம் பாரிசவாதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். சில பிரஷர் மருந்துகளோடும் அது ஒத்துவராது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தாக்கியிருக்கிறது என்பதை அறிவோம். டொக்டரைக் கேட்காமல் அதை வாங்கி உம்மம்மாவின் சட்டியில் போடக்கூடாது.

இன்னொரு கஷ்டம் எங்கள் விருந்துகளில் இருக்கிறது. ஒரே சஹனில் ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் அழகிய வழக்கம். அந்த ஆறு பேரில் பிரஷர் உள்ள இருவர் இருந்தால், "எனக்கு உப்புக் குறைத்து" என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? பண்டாரி போட்ட உப்புத்தான் ஆறு பேருக்கும். நோன்பில் பள்ளிவாசல் கஞ்சி ஊருக்கே ஒரே அண்டாவில் காய்கிறது. அதோடு சமோசா, றோல்ஸ். சஹருக்குக் கருவாட்டுப் பொரியல் சாப்பிட்டுவிட்டு ளுஹருக்கு முன்பே தாகத்தில் வாடுபவர்கள் என் வகுப்பிலும் உண்டு. பெரிய அண்டாவில் ஒரு பிடி உப்புக் குறைந்தால் அது ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குறைகிறது. கஞ்சி காய்ச்சும் நானாமாரிடமும் பள்ளி நிர்வாகத்திடமும் இதைச் சொல்ல எங்கள் வாப்பாமாரால் முடியும், எங்களால் முடியாது.

வாப்பாமாருக்கு வேறொரு வேண்டுகோளும் உண்டு. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் என்றும், அவற்றுள் இதய நோய் முன்னணியில் என்றும் சொல்கிறார்கள். ஆனால் அதைத் தடுக்கும் வேலையை முழுவதுமாக அடுப்படியில் நிற்பவளின் தலையில் வைத்துவிட்டு, அவள் குறைத்த அன்றே "உப்புக் காணாது" என்று கோப்பையைத் தள்ளினால் அவள் என்ன செய்வாள்? அடுத்த நாள் பழைய அளவுக்கே திரும்புவாள். மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானாமாரும் தம்பிமாரும் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

எங்கள் கல்லூரிக் கன்டீனிலும் ஒரு சிறு மாற்றம் வரலாம். இடைவேளைக்கு இன்று கிடைப்பவை றோல்ஸ், பற்றிஸ், பக்கற் மிக்சர். அவித்த கடலையும் வாழைப்பழமும் ஒரு மூலையில் இருந்தால் வாங்க ஆள் இருக்கும் என்றே நினைக்கிறேன். கடலைக்கு உப்புக் குறைவாகத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போட்டால் நானே முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். சுகாதாரக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்க நானும் இரண்டு தோழியரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில், நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், பருப்பில் இருந்து தொடங்க உம்மா சம்மதித்திருக்கிறார். மீனாணத்தைப் பற்றிப் பெருநாளுக்குப் பிறகு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.